சாத்திய தெருவில் பதினோரு நாள்

காணிப்பாக்கம் குளத்துப் படியில் அன்றைக்கு நின்றவர்கள் இவர்கள். நான். என் தம்பி முனிரத்தினம். அவன் பெண்சாதி கோமளா. அவள் இடுப்பில் இரண்டு வயதுப் பெண் குழந்தை. என் பெண்சாதி சரசு. சத்தியம் சொல்லி வைக்கிற ஐயர். படம் எடுக்கிற ஒரு தெலுங்குக்காரர். அவரை யாரும் கூப்பிடவில்லை. தானாக வந்து நின்றார்.

சித்தூர்ப் பக்கத்தில் குடியை விடவேண்டியவனைக் காணிப்பாக்கம் கூட்டிப் போவார்கள். குளத்தில் முங்கி, ஈரத் துணியோடு விநாயகர் முன்னால் நின்று சத்தியம் செய்யவேண்டும். கோர்ட்டில் பொய் சொல்லுகிறவன்கூட அங்கே சொல்லமாட்டான்.

நாங்கள் அண்ணன் தம்பி இரண்டு பேரும் லைட் கட்டுகிறவர்கள். ஊர் நகரிக்குத் தெற்கே. வேலை சித்தூரிலும் திருப்பதியிலும். கங்கம்மா ஜாத்திரைக்கு மூங்கில் நட்டு, சாமி உருவத்தில் பல்பு போர்டு தூக்கி, தெரு நீளத்துக்கு சீரியல் செட் இழுப்போம். ஒரு ஜாத்திரையில் ரத்தினம் குடித்துவிட்டு மூங்கிலில் ஏறினான். விழுந்தான். போர்டும் கூடவே விழுந்தது. கீழே பொம்பளைகள் பொங்கல் வைத்துக்கொண்டிருந்தார்கள். ஒரு கை தூரம் தள்ளி விழுந்ததால் யாருக்கும் ஒன்றும் இல்லை.

அதனால் கூட்டிப் போனேன். இனிமேல் குடிக்கமாட்டேன் என்று சொன்னான். ஐயர் போதும் என்றார். நான் போதாது என்றேன். குடிக்கிற இடத்தில் கால் வைக்கமாட்டேன் என்று சொல்லச் சொன்னேன். சொன்னான். குடிக்கிறவனுக்கு எடுத்துக் கொடுக்கமாட்டேன் என்றும் சொல்லச் சொன்னேன். அதையும் சொன்னான். மார்கழி மாதம். ஈரத்தில் அவன் பல் தந்தியடித்துக்கொண்டிருந்தது.

இரண்டு மாதத்தில் மலேசியா போனான். அப்போது எங்கள் பக்கத்து ஊர்களில் வீட்டுக்கு ஒருத்தர் எங்கேயாவது போய்க்கொண்டிருந்தார்கள். ஓட்டல் வேலை என்று ஏஜெண்டு சொன்னார். போன புதிதில் ஒரு தடவை போனில் பேசினான். அதற்குப் பிறகு பேசவில்லை. பணம் வந்தது. பேச்சு வரவில்லை. நாலு வருஷம் ஆகப்போகிறது.

அங்கேயிருந்து திரும்பிய ராமகுப்பம் ஆள் ஒருவர் அவனைப் பார்த்ததாகச் சொன்னார். கடல் ஓரமாக ராட்டினம், சறுக்கு எல்லாம் வைத்த பெரிய கேளிக்கைப் பூங்கா. உள்ளேயே தங்குகிற ஓட்டல். பக்கத்தில் சாயங்காலத்துக்கு மேல் குடிக்கவும் ஆடவும் தனியாக ஒரு தெரு. ரத்தினம் அந்தத் தெருவில் இருந்தான், இப்போது தெருவையே சாத்திவிட்டார்களாம் என்றார்.

அதே மாதம் எங்கள் முதலாளி ஒரு படம் காட்டினார். சென்னையில் ஒருவர் மலேசியாவில் மூடிப்போன ஒரு தெருவின் லைட்டையெல்லாம் மொத்தமாக வாங்கியிருக்கிறார், உடையாமல் கழற்றிப் பெட்டியில் போட நாலு ஆள் வேண்டும் என்றார். படத்தில் பின்னால் ராட்டினம் தெரிந்தது. ராமகுப்பத்துக்குப் போய் அந்த ஆளிடம் காட்டினேன். அதே ராட்டினம் என்றார். நான் வருகிறேன் என்று முதலாளியிடம் சொன்னேன்.

புறப்படுகிற அன்று கோமளா வாசல்வரைக்கும் வந்தாள். "உயிரோட கீறாரா இல்லியான்னு மட்டும் பாத்துக்கினு வாங்க மாமா. வேற ஒண்ணும் கேக்க வேணாம்" என்றாள். குழந்தைக்கு ஆறு வயது ஆகிவிட்டது. அப்பா முகம் அதற்குத் தெரியாது.

மலேசியாவில் முதல் நாள் பஸ்ஸில் தப்பான வாசலில் இறங்கினோம். அது ஓட்டலுக்கு வருகிறவர்கள் இறங்குகிற வாசல். எல்லோரும் சக்கரம் வைத்த பெட்டியை இழுத்துக்கொண்டு போனார்கள். எங்கள் மூட்டையைப் பார்த்துக் காவலாளி கையை நீட்டி வந்த வழியைக் காட்டினார். வேலைக்காரர்களுக்கு வேறு பஸ் வரும் என்றார். இரண்டு மணி நேரம் மழையில் நின்றோம். வரவில்லை. கால்வாய் ஓரமாக நடந்தோம். என்னோடு வந்த சித்தூர் பாபு தெலுங்கில் புலம்பிக்கொண்டே வந்தான். திருப்பதி பஸ் ஸ்டாண்டில் வழி கேட்டால் நாலு பேர் சொல்வார்கள், மூணு பேர் தப்பாகச் சொல்வார்கள், ஆனாலும் சொல்வார்கள், இங்கே தப்பாகச் சொல்லக்கூட ஆள் இல்லை என்றான். அது உண்மை.

வேலைக்காரர்கள் தங்குகிற இடத்துக்குப் பின்னால் தகரக் கொட்டகையில் ஒரு சாப்பாட்டுக் கடை இருந்தது. நடத்துகிறவர் லெட்சுமி அக்கா. ரப்பர்த் தோட்டத்தில் பிறந்த தமிழ்க்காரர். "பசியாறியாச்சா?" என்று கேட்டார். சாப்பிட்டாயா என்பதை அங்கே அப்படித்தான் கேட்கிறார்கள். ரொட்டி போட்டார். நம் பரோட்டாதான். அடித்து வீசுகிறார்கள், ஆனால் நம் ஊர் மாஸ்டர் மாதிரி கோபமாக வீசுவதில்லை. குழம்பில் இனிப்பு. பாபு முகத்தைச் சுளித்தான். நான் தின்றேன். பசி.

சாயங்காலம் தெருவைப் பார்த்தேன். சித்தூர் கடைத்தெருவில் பாதி நீளம் இருக்கும். ஒன்பது கடை. ஒரு கடை வாசலில் ஆள் உயரத்துக்கு மூன்று மடங்கு கிதார். ஒரு கடை கப்பல் மாதிரி. நடுவில் பிளாஸ்டிக் தென்னைமரம், மட்டை நுனிவரைக்கும் பல்பு. எல்லாக் கதவுக்கும் சங்கிலி. தரையில் பாசி. அந்தப் பக்கம் ராட்டினம் சுற்றுகிற சத்தமும் குழந்தைகள் கத்துகிற சத்தமும் கேட்டன. இந்தப் பக்கம் யாரும் எட்டிப் பார்க்கவில்லை.

தம்பி இங்கே எங்கேயோ இருக்கிறான் என்று நினைத்தேன். யாரைக் கேட்பது என்று தெரியவில்லை. என்னைக் கண்டால் ஓடிவிடுவானோ என்றும் இருந்தது. அன்றைக்குக் கேட்கவில்லை.

இரண்டாம் நாள் கிதாரிலிருந்து ஆரம்பித்தோம். காவலுக்கு இருந்தவர் ஆறுமுகம் என்ற பெரியவர். அங்கே காவலாளியை ஜாகா என்கிறார்கள். ஏணிக்குக் கீழே நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார். பேச ஆள் கிடைத்த சந்தோஷம். தெரு ஏன் மூடியது என்று நான் கேட்காமலே சொன்னார். முதலில் தெரு முனையில் கேட் இருந்ததாம். டிக்கெட் வாங்கினால்தான் உள்ளே விடுவார்கள். வாங்கியவன் காசுக்கு ஏற்றமாதிரி ஒன்பது கடையும் ஏறி இறங்குவான். கூட்டம் குறைகிறது என்று கேட்டை எடுத்தார்கள். சும்மா விட்டதும் டவுனிலிருந்து பையன்கள் வந்து படியில் உட்கார்ந்தார்கள். கடைக்குள் போகவில்லை. வாங்கி வந்ததைக் குடித்தார்கள், சண்டை போட்டார்கள். ஓட்டலில் தங்கினவர்கள் பயந்து வரவில்லை. "டிக்கெட்டு இருந்தப்ப அது சொர்க்கம்லா. சும்மா வுட்டதும் அது ரோடு" என்றார்.

மூன்றாம் நாள் காலையில் போனபோது நாங்கள் முந்தின நாள் கழற்றிக் குவித்துவிட்டுப் போன ஒயர் எல்லாம் சுருட்டி அடுக்கியிருந்தது. பாபு சுருட்டினானா என்று கேட்டேன். இல்லை என்றான். ஒரு சுருளைக் கையில் எடுத்தேன்.

சீரியல் செட் ஒயரை உள்ளங்கைக்கும் முழங்கைக்கும் எட்டு மாதிரி சுற்றவேண்டும். எல்லோரும் நடுவில் கட்டுவார்கள். நடுவில் கட்டினால் பல்பு பல்பின்மேல் ஏறி உடையும். நாங்கள் ஓரத்தில், மூன்றாவது சுற்றில் கட்டுவோம். நகரியில் தறி வீடுகளில் கழித்துப்போடுகிற நூலை வாங்கிவந்து கட்டுவோம். இங்கே நூல் இல்லை. கிழிந்த துணியால் கட்டியிருந்தது. ஆனால் ஓரத்தில். மூன்றாவது சுற்றில். என் கையால் சொல்லிக் கொடுத்த கட்டு அது.

உயிரோடு இருக்கிறான். கோமளா கேட்டது முடிந்தது.

மத்தியானம் லெட்சுமி அக்காவிடம் கேட்டேன். என்னைப் போலவே கீது கீது என்று பேசுகிற ஆள் ஒருத்தன் உண்டு, யாரோடும் சேரமாட்டான், குழம்பு மட்டும் வாங்கிக்கொண்டு போவான், மூன்று நாளாக அதற்கும் வரவில்லை என்றார். எங்கே இருக்கிறான் என்று கேட்டேன். சாமான் காவலுக்குக் கடைசிக் கடையில் படுத்துக்கொள்ள விட்டிருக்கிறார்கள் என்றார். எனக்கு அவன் என்ன வேண்டும் என்று கேட்டார். தம்பி என்றேன். கரண்டியை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். பிறகு தெரு ஏன் மூடியது என்று சொன்னார். குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு வருகிற இடம் இது, பகல் பூரா வெயிலில் சுற்றினால் சாயங்காலம் பிள்ளை தூங்கிவிடும், தூங்குகிற பிள்ளையை ரூமில் விட்டுவிட்டு எந்தத் தாய் தகப்பன் ஆட வருவான், இந்தத் தெருவைக் கட்டினவனுக்குப் பிள்ளை இல்லை என்று நினைக்கிறேன் என்றார்.

அன்றைக்கே போகவில்லை. ஏணியில் இருந்தால் கடைசிக் கடையின் பின்பக்கம் தெரியும். கொடியில் ஒரு லுங்கி காய்ந்தது. மறுநாளும் அதே லுங்கி. நாலாம் நாள் ஒரு அதிகாரி கணக்குப் பார்க்க வந்தார். மலாய்க்காரர். நல்ல மாதிரி. தெரு மூடியதற்கு அவர் சொன்ன காரணத்தை ஆறுமுகம் தமிழில் சொன்னார். டவுனுக்குக் கடைசி பஸ் பத்து மணிக்குப் போய்விடுமாம். ஆட்டம் சூடு பிடிப்பதே அதற்குப் பிறகுதான். பஸ்ஸைத் தள்ளிவைக்கச் சொல்லி வருஷக்கணக்காக எழுதிப் பார்த்தார்களாம். இனிமேல் இங்கே கைப்பை, செருப்பு விற்கிற கடைகள் வரும், பகலிலேயே வியாபாரம் முடிந்துவிடும் என்றார். தெருவின் பெயரை இங்கிலீஷில் வளைவின்மேல் வைத்திருந்தார்கள். எழுத்து எழுத்தாகக் கழற்றினோம். பதினாலு எழுத்து. என்ன பெயர் என்று நான் கேட்கவில்லை.

ஐந்தாம் நாள் போனேன். கடைசிக் கடைக்குப் பின்னால் சமையல் கட்டு. கதவு திறந்திருந்தது. அடுப்பில் சோறு வடித்துக்கொண்டிருந்தான். காதுக்கு மேலே நரைத்திருந்தது. என்னைப் பார்த்தான். தட்டை எடுத்தான்.

"துன்னியா ணா?" என்றான்.

துன்னேன் என்றேன். இருந்தாலும் போட்டான். உட்கார்ந்து தின்றேன். நாலு வருஷத்துக்குப் பிறகு அதுதான் முதல் பேச்சு.

சுவரில் ஒரு படம் ஒட்டியிருந்தது. முகம் சுவர்ப் பக்கம். பின்பக்கம் ஸ்டூடியோ முத்திரை. காணிப்பாக்கத்துப் படியில் எடுத்த படம் என்று தெரிந்தது. நான் திருப்பவில்லை.

குடித்தாயா என்று கேட்டேன். ஒரு சொட்டு இல்லை என்றான். நம்பினேன். அவன் கை நடுங்கவில்லை.

பிறகு கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னான். ஓட்டல் வேலை என்று கூட்டிவந்து இந்தத் தெருவில் விட்டார்கள். பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொண்டார்கள், தெரு சாத்தினபோதுதான் திருப்பிக் கொடுத்தார்கள். முதல் நாளே கிளாஸ் கழுவுகிற வேலை. அடுத்த வாரம் எடுத்துக் கொடுக்கிற வேலை. கால் வைத்தாயிற்று, எடுத்துக் கொடுத்தாயிற்று. மூன்று சத்தியத்தில் குடிக்காதது மட்டும் பாக்கி. வீட்டுக்குப் போன் பண்ணினால் எங்கே வேலை என்று கோமளா கேட்பாள். ஓட்டல் என்றால் பொய். நிஜத்தைச் சொன்னால் என் காதுக்கு வரும். அதனால் பேசுவதை விட்டுவிட்டான். பணம் மட்டும் போட்டுக்கொண்டிருந்தான்.

ஒரு வருஷம் கழித்து அவன் இருந்த கடையை மூடினார்கள். கப்பல் கடைக்கு மாற்றினார்கள். ஏழு மாதத்தில் அதையும் மூடினார்கள். கிதார் கடைக்குப் போனான். அதுவும் போயிற்று.

"மூணு கடை ணா. நான் கால வெச்ச மூணும் சாத்திக்கிச்சி. நாலாவது கடைக்காரன் என்ன உள்ளயே வுடல, தெரு கூட்டத்தான் வெச்சிக்கினாங்கோ. கூட இருந்தவனுங்க கிண்டல் பண்ணுவானுங்க. இவன எதிரி ஓட்டலுக்கு அனுப்புங்கடா, அதயும் சாத்திட்டு வரட்டும்னு. நானும் கூட சிரிப்பேன். கடசில தெருவயே சாத்திட்டாங்கோ. சத்தியம் தப்புன காலு ணா."

நான் தட்டைத் தள்ளி வைத்தேன்.

"நம்ம வூட்டுல நான் எப்படி ணா கால வெப்பேன்? கொழந்த கீது."

நான் கேட்டு வைத்த காரணம் எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டை எடுத்தது. பையன்கள் படியில் உட்கார்ந்தது. தூங்குகிற பிள்ளைகள். பத்து மணி பஸ். நான் அவ்வளவு பேசி அவன் பார்த்ததில்லை. எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டினான்.

"அதெல்லாம் எனக்குத் தெரியாதா? நான் இங்கியே கெடந்தவன். கேட்ட எடுக்கச் சொன்னது யாருன்னு பேர் சொல்லுவேன். அவனுக்கு அந்தப் புத்திய குடுத்தது யாரு?"

 தட்டைக் கழுவி வைத்துவிட்டு வந்தேன்.

ஆறாம் நாள் அவனும் வேலைக்கு வந்தான். கூப்பிடவில்லை. ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றான். நான் கழற்றிக் கொடுத்தேன், அவன் சுருட்டினான். பாபு ஏதோ கேட்க வந்தான். என் முகத்தைப் பார்த்துவிட்டுப் போய்விட்டான். நாங்கள் இரண்டு பேரும் ஒரு நாள் பூரா பேசியது பத்து வார்த்தை இருக்காது. இழு. விடு. தூக்கு. முன்பும் அப்படித்தான்.

எட்டாம் நாள், பெட்டியில் போடுவதற்கு முன்னால், மீதி இருக்கிற எல்லா லைட்டையும் ஒரு தடவை எரித்துப் பார்க்கவேண்டும் என்று சென்னையிலிருந்து சொல்லியனுப்பினார்கள். ஃபியூஸ் போன பல்பைத் தனியாக எடுக்கவேண்டுமாம். மத்தியானம் பன்னிரண்டு மணி. தூறல். ரத்தினம் உள்ளே போய் மெயினைப் போட்டான்.

தெரு பூரா எரிந்தது. தென்னைமரத்தில் பச்சை ஏறி ஏறி இறங்கியது. கப்பலுக்குக் கீழே நீல அலை ஓடியது. ஈரத் தரையில் அவ்வளவும் இன்னொரு தடவை ஓடியது. பார்க்க நாலு பேர். லெட்சுமி அக்கா கரண்டியோடு வந்து முனையில் நின்றார். இப்படி எரிந்து பார்த்து ஆறு மாதமாயிற்று என்றார். பிறகு அடுப்பு தீய்கிறது என்று போய்விட்டார்.

அப்போதுதான் என் கண்ணுக்கு ஒன்று பட்டது. ஜாத்திரைக்கு லைட் கட்டும்போது நாங்கள் தெருவை நிரப்பமாட்டோம். ஒரு போர்டு. பிறகு இருபது அடி இருட்டு. பிறகு ஒரு போர்டு. அந்த இருட்டில்தான் ஜனம் கொஞ்சம் நிற்கும். பிள்ளைக்குப் பால் கொடுப்பார்கள். கோபித்துக்கொண்டு போனவனைச் சமாதானம் செய்வார்கள். வீட்டுக்குத் தெரியாமல் பீடி பிடிப்பார்கள். அடுத்த லைட் கூப்பிடும், போவார்கள். இங்கே ஒரு முழம் இருட்டு விடவில்லை. ஒன்பது கடையும் ஒரே நேரத்தில் கூப்பிட்டால் மனுஷன் எங்கே நிற்பான். எனக்குத் தெரிந்த காரணம் இது. யாரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

ரத்தினம் வெளியே வந்து பக்கத்தில் நின்றான். அவனும் லைட்காரன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "இருட்டே வுடல பாத்தியா" என்றான்.

அப்போது சொன்னேன். மூன்று நாளாக யோசித்தது.

"ஐயரு ஒரு சத்தியம் போதும்னாரு. நான்தான் ரெண்டு ஜாஸ்தி வாங்கினேன். தப்பு என்னுது. உன்னுது இல்ல."

அவன் லைட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். இங்கே சொன்னால் யாருக்குக் கேட்கும் என்றான். அங்கே போய்ச் சொல்லு, வாங்கின இடத்தில் திருப்பிக் கொடு என்றான். சரி என்றேன். தோப்புக்கரணம் போடவேண்டும் என்றான். சரி என்றேன். தெரு நடந்த மாதத்துக்கு ஒன்று என்றான். சாத்தின பிறகு இருந்த மாதங்களைக் கணக்கில் சேர்க்கவேண்டாம், அப்போது குடியும் இல்லை, எடுத்துக் கொடுக்க ஆளும் இல்லை என்றான். விரல் விட்டு எண்ணவில்லை. எண்ணி வைத்திருந்தான். நாற்பத்தொன்று.

"உன் முட்டி தாங்குமா?" என்றான். சிரித்த மாதிரி இருந்தது. நான் ஐம்பது தாண்டியவன். ஏணி ஏறி ஏறி முட்டி தேய்ந்துபோனது அவனுக்குத் தெரியும்.

அப்புறம் அவனே முடிவு செய்தான். அடுத்த வியாழக்கிழமை அங்கே சாயங்காலம் ஐந்து மணிக்கு அக்கா கடைப் போனுக்குப் பக்கத்தில் இருப்பான். நம் ஊரில் அப்போது இரண்டரை. காணிப்பாக்கத்திலிருந்து நான் பேசவேண்டும்.

"அன்னிக்கு போன் வரலன்னா சாமி ஒத்துக்கலன்னு வெச்சிக்கிறேன் ணா. நான் இங்கியே எங்கியாவது இருந்துடறேன்."

மெயினை அணைத்தான். தெரு பழையபடி ஆயிற்று.

பதினோராம் நாள் பெட்டிகளுக்கு ஆணி அடித்தோம். தென்னைமரத்தை மட்டும் விட்டுவிட்டோம், அது கணக்கில் இல்லை. ஆறுமுகம் எங்கள் நாலு பேருக்கும் கை கொடுத்தார். லெட்சுமி அக்கா ரொட்டி கட்டிக் கொடுத்தார். ரத்தினம் பஸ் நிற்கிற இடம்வரைக்கும் வந்தான். வீட்டுக்கு ஏதாவது சொல்லவேண்டுமா என்று கேட்டேன். வேண்டாம், முதலில் அங்கே போ என்றான். பஸ் கிளம்பும்போது திரும்பிப் பார்த்தேன். தெருப் பக்கம் நடந்துகொண்டிருந்தான். குடை இல்லை.

புதன்கிழமை சென்னையில் இறங்கினேன். மற்றவர்கள் சரக்கு வேலையாக அங்கேயே நின்றார்கள். நான் திருப்பதி பஸ் ஏறினேன். புத்தூர் தாண்டுவதற்கு முன்னாலேயே வண்டி நின்றுவிட்டது. டிரைவர் கீழே படுத்துப் பார்த்துவிட்டு எழுந்து கையைத் துடைத்துக்கொண்டார். வேறு வண்டி வரும் என்றார். வந்த வண்டியெல்லாம் நிரம்பி வந்தது. திருப்பதி போய்ச் சேர்ந்தபோது சித்தூருக்குக் கடைசி பஸ் போய்விட்டது.

பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்தேன். எங்கே பார்த்தாலும் மொட்டைத் தலை, சந்தனம். தரையில் விரித்துக் குடும்பம் குடும்பமாகப் படுத்திருந்தார்கள். பிள்ளைகளும் அதே விரிப்பில். இங்கே பிள்ளையை ரூமில் விட்டுவிட்டு வருகிறவன் கிடையாது. கடைசி பஸ் போனாலும் இங்கேயே படுத்துக்கொள்கிறார்கள். கியூவில் பகலும் இரவும் நிற்கவைக்கிறார்கள், அதற்கும் வருகிறார்கள். இட்லி வாங்கினேன். சட்னியில் காரம் இருந்தது. நம் ஊர். ஆயிரம் பேர் நடுவில் உட்கார்ந்து தின்றேன். அந்தக் காலித் தெருவில் இருந்ததைவிடத் தனியாக இருந்தது. அங்கேயாவது ஏணியைப் பிடிக்க ஆள் இருந்தான்.

வியாழக்கிழமை முகூர்த்த நாள். நாலு பஸ்ஸை விட்டு, சித்தூருக்கே நின்றுகொண்டுதான் போனேன். காணிப்பாக்கம் பஸ்ஸில் படியில்கூட இடம் இல்லை. ஷேர் ஆட்டோவில் டிரைவர் பக்கத்தில் அரை சீட்டு கிடைத்தது. இறங்கும்போது மணி ஒன்று தாண்டிவிட்டது.

குளத்தில் முங்கினேன். தனியாக. ஈர வேட்டியோடு கியூவில் நின்றேன். சந்நிதியில் ஒரு நிமிஷம் நிற்கவிடவில்லை, தள்ளிவிட்டார்கள். அதற்குள் சொல்லிவிட்டேன். ரெண்டு சத்தியம் ஜாஸ்தி வாங்கினேன். திருப்பிக் கொடுக்கிறேன். அவ்வளவுதான். எனக்கு வேறு சொல்லத் தெரியாது.

கொடிமரத்துக்குப் பக்கத்தில் வந்து காதைப் பிடித்துக்கொண்டேன்.

பத்துவரைக்கும் சுலபம். இருபதில் முட்டி சத்தம் போட்டது. சுவர் ஓரமாக உட்கார்ந்திருந்த தெலுங்குக்காரப் பெரியம்மா ஒருத்தி நான் வாய்விட்டு எண்ணுவதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். என்ன தப்பு செய்தாய் என்று தெலுங்கில் கேட்டாள். ஜாஸ்தி கேட்டுவிட்டேன் என்றேன். எல்லோரும் அதற்குத்தான் இங்கே வருகிறார்கள், போடு போடு என்றாள்.

முப்பதுக்கு மேல் மூச்சு வாங்கி வாங்கி எழுந்தேன். முப்பத்தாறு போட்டேன். அடுத்ததற்கு உட்கார்ந்தவன் எழ முடியவில்லை. கல்லைப் பிடித்துப் பார்த்தேன். வலது கால் என்னுடையதாக இல்லை. இரண்டு பேர் வந்து அக்குளில் கை கொடுத்துத் தூக்கினார்கள். பெரியம்மா போதும் நாயனா, சாமி பார்த்துவிட்டார் என்றாள். போதாது என்று சொல்ல வாய் வந்தது. முன்பு ஒரு தடவை இதே இடத்தில் அதைத்தான் சொன்னேன். வாயை மூடிக்கொண்டேன். உட்கார்ந்து தானாக எழுந்ததுதான் கணக்கு. முப்பத்தேழாவது சேராது.

கோவில் கடிகாரத்தில் இரண்டு இருபது. காலை இழுத்துக்கொண்டு கடைத்தெருவுக்கு வந்தேன். ஐ.எஸ்.டி. பூத்காரர் என் வேட்டியிலிருந்து சொட்டுகிற தண்ணீரைப் பார்த்துத் தெலுங்கில் திட்டினார். நம்பர் எழுதின காகிதமும் நனைந்திருந்தது. அவரே வாங்கி விளக்குக்கு நேராகப் பிடித்துப் படித்துப் போட்டுக் கொடுத்தார். முதல் தடவை லைன் போகவில்லை. இரண்டாவது தடவையும் போகவில்லை. மூன்றாவது தடவை மணி அடித்தது. லெட்சுமி அக்கா எடுத்தார். நாலு மணியிலிருந்து இங்கேயேதான் நிற்கிறான் என்றார்.

"ணா" என்றான்.

சொல்லிவிட்டேன் என்றேன். மழைச் சத்தமா லைன் சத்தமா தெரியவில்லை.

"எத்தினி போட்ட?"

பூத் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கோபுரம் தெரிந்தது.

"முப்பத்தாறு. மிச்சம் நீ வந்து போடு."

 எதிரே சிவப்பு எழுத்தில் மீட்டர் ஓடிக்கொண்டிருந்தது. பூத்காரர் என்னைப் பார்த்தார். வைத்துவிட்டான் என்று நினைத்தேன். வைக்கவில்லை. மூச்சு கேட்டது.

"மிச்சம் எத்தினி ணா?"

அவனுக்குக் கணக்குத் தெரியும். ஆனாலும் கேட்டான். நான் சொன்னேன்.

"அஞ்சு."